நெய்யும் பால்தானுங்க

ஜூன் 29, சனி

இந்த டைரி ஜனவரியில் வந்தது. என்னுடன் வேலை பார்ப்பவர்கள் குழந்தையைப் பார்க்க வந்தபோது கம்பெனி டைரி ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் வெள்ளையாகவே கிடந்தது. இன்று குழந்தை மதி மத்தியானம் சட்டென்று தூங்கிவிட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நிலவரம் இதுதான். ஜூலை 15 அன்று நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். மோட்டார் பம்பு கம்பெனியில் தர ஆய்வு என் வேலை. ஒழுகுகிற பம்பைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் ஒழுகுவதைத் திருப்பி அனுப்ப வழியில்லை. என் மகள் நிறைமதிக்குப் பத்து மாதம். குடித்ததில் பாதி மேலே வந்துவிடும். எதுக்களிப்பு என்று டாக்டர் சொன்னார். சாப்பிட்டதும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், நடக்க ஆரம்பித்தால் குறையும் என்றார். அது போதாதென்று பசும்பாலும் ஒத்துக்கொள்ளாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி, கன்னமெல்லாம் தடிப்பு. தாய்ப்பால் கொடுப்பதால் எனக்கும் பால் கூடாது. கோயமுத்தூரில் பிறந்துவிட்டுப் பத்து மாதமாக வரக்காப்பி குடிக்கிறேன். யாரும் எனக்குச் சிலை வைக்கவில்லை.

இரண்டு காப்பகங்களில் இவள் கதையைக் கேட்டதுமே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்த இடத்தில் திங்கட்கிழமை முதல் போகிறாள். வீட்டில் வந்து இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை. லீவை இனி நீட்டிக்க முடியாது என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். மதி அங்கே ஒட்டிக்கொண்டால் எனக்கு வேலை உண்டு. ஒட்டாவிட்டால் விட வேண்டியதுதான்.

எனக்குப் பதற்றம் எதுவுமில்லை. அவள் பையை மூன்று முறை பிரித்து அடுக்கியது ஜிப் சரியில்லாததால்.

ஜூலை 1, திங்கள்

மொட்டு குழந்தைகள் காப்பகம். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் வந்துவிடும். நடத்துகிறவர் தெய்வானை அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, மில் சங்கு மாதிரி குரல். அந்தக் குரலிலும் இரண்டு குழந்தைகள் அவர் காலடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. முதல் நாள் என்பதால் நானும் ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்தேன். சும்மா உட்காரவில்லை. தரை, பாத்திரம், தண்ணீர்க் குடம், கதவிடுக்கு எல்லாம் பார்த்தேன். குறை எதுவும் கிடைக்கவில்லை. அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பிறகு சாப்பாட்டுப் பேச்சு.

"பாலு கூடாது. சரிங்க அம்முணி. நெய்யி விடலாமுங்களா?"

"நெய்யும் பால்தானுங்க அக்கா."

மோர் குளிர்ச்சிதானே என்றார். மோரும் கூடாது. வெண்ணெயை நாக்கில் கொஞ்சமாகத் தடவினால்? கூடாது. அப்படியானால் தயிர் மட்டும் என்று இழுத்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மதியைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம். நெய் இல்லாமல் சோறு பிசைந்தால் தன் கையே கூசும் என்றார். ஆனால் சரி என்றார். இரண்டு வாரம் பார்ப்போம், பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால் இருக்கட்டும், இல்லையென்றால் வருத்தப்படக் கூடாது என்றும் சொன்னார்.

சாயங்காலம் இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். பெயரே அறிவழகன். பரம்பரையாகச் சாமி கும்பிடாத குடும்பம். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. நான் கோயிலுக்குள் போனால் அவர் வெளியே நின்று என் செருப்பைக் காவல் காப்பார். நெய் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பேர் மாறினால் உள்ளே இருக்கிற புரதம் மாறிவிடுமா, இந்த ஊருக்கு எப்போது அறிவியல் பார்வை வரப்போகிறது என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்தேன். காப்பகத்துக்கு எதிர்க் கடையில் கொத்தமல்லி வாங்கினேன்.

ஜூலை 3, புதன்

தெய்வானை அக்கா கையால் ராகிக் கூழ் இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறாள். இரண்டையும் அவர் புதுச் சேலை மேலேயே திருப்பிக் கொடுத்தாளாம். நான் மன்னிப்புக் கேட்கப் போனால், "புள்ளைனா கக்கத்தானுங்க செய்யும், சேலைய என்ன சேட்டுக் கடையில அடகா வெக்கப் போறேன்" என்றார். நாளைக்குப் பழைய சேலை கட்டிக்கொள்வாராம். இந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிடும் போலிருக்கிறது.

எதிர்க் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தானாகவே கொத்தமல்லிக் கட்டை எடுத்து நீட்டினார். வீட்டில் சட்னி, தொக்கு, சாதம் எல்லாம் கொத்தமல்லியாக இருக்கிறது. அறிவழகன் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

அரை நாள் இருந்தாள். அழுகை குறைந்துவிட்டது. நான்கு வாய் சாப்பிட்டாள், ஒன்றுதான் வெளியே வந்தது.

நாளையிலிருந்து காலையில் தானே கொண்டுபோய் விடுவதாக அறிவழகன் சொன்னார். நான் வேலைக்குப் போன பிறகு எப்படியும் அவர்தான் விட வேண்டும், இப்போதே பழகட்டும் என்றார். சரி என்றேன். நான் விட்டாலும் அவர் விட்டாலும் எனக்கு ஒன்றுதான். கொத்தமல்லிதான் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

மத்தியானம் போன் வந்தது. மதி மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டாள், கன்னம் சிவந்து தடித்திருக்கிறது. ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். வழக்கமாகக் கக்குவது வேறு, இது வேறு. எனக்குத் தெரியும். பால் ஏதோ உள்ளே போயிருக்கிறது.

அவள் சட்டையை அலசும்போது மடிப்பில் ஒரு அருகம்புல் இருந்தது. புல்தரையில் விட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் பார்த்தபோது அந்த வீட்டில் புல்லே இல்லை. எங்கேயோ வெளியில் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

இரண்டு நாளும் வீட்டில். தடிப்பு அடங்கிவிட்டது. மதி அப்பாவின் தொடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்ற பெருமையில் கையைத் தட்டினாள், தட்டியதும் விழுந்தாள். அதையே எட்டு முறை செய்தாள். வீட்டில் ஒரே சிரிப்பு.

ஜூலை 8, திங்கள்

அறிவழகனுக்கு என்ன பொறுப்பு வந்துவிட்டது என்று ஆச்சரியமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கடைசி நிமிடத்தில் ஓடுகிற மனிதர், மகளைக் கொண்டுபோய் விடுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே குளித்துக் கிளம்பி நிற்கிறார். குளிக்காமல் போனால் என்ன என்றேன். சுத்தம் முக்கியம் என்றார்.

மத்தியானம் மறுபடியும் போன். மறுபடியும் தடிப்பு, வாந்தி, இந்த முறை பேதியும். தலையை முகர்ந்து பார்த்தால் கற்பூர வாசம். கொசுவுக்காகக் கற்பூரம் ஏற்றுகிறார்கள் போலிருக்கிறது. புகை வேறு. தெய்வானை அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். நெய் விட்டீங்களா, பால் பாத்திரத்தில் கூழ் காய்ச்சினீங்களா, புல்லில் ஏன் விட்டீங்க, புகை ஏன் போட்டீங்க. நான் பம்பு ஆய்வு செய்கிற மாதிரியே கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சத்தமே வராமல், தன் பிள்ளைக்குச் செய்யாததை யார் பிள்ளைக்கும் செய்வதில்லை என்று மட்டும் சொன்னார்.

அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. ஆனால் நான் கேட்டது தப்பில்லை. தொழிற்சாலையில் ஒழுகினால் ஒழுகுகிற இடத்தில்தானே பார்க்க வேண்டும்?

வீட்டில் இதைச் சொன்னபோது, அவங்க மேல தப்பிருக்காது சுபத்ரா என்றார் அறிவழகன். சொல்லிவிட்டு நெடுநேரம் மதியின் கன்னத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும். மோசம். இன்று அறிவழகன் இன்னும் சீக்கிரமாகக் கிளம்பியும் பிரயோஜனமில்லை.

ஜூலை 10, புதன்

பொள்ளாச்சியில் அறிவியல் கண்காட்சி. மாணவர்களை அழைத்துக்கொண்டு அறிவழகன் விடியற்காலையிலேயே போய்விட்டார். நாளையும் அங்கேதான். நான் கொண்டுபோய் விட்டேன். சாரல் தூறியதால் துண்டைப் போர்த்திக்கொண்டு வேகவேகமாக நடந்தேன். எங்கும் நிற்கவில்லை.

மதியம் போன் வரவில்லை. மூன்று மணிக்கு நானே அடித்தேன். ராகிக் கூழ் அரைக் கிண்ணம், பிசைந்த வாழைப்பழம் கொஞ்சம். ஒரே ஒரு கக்கல். தடிப்பு இல்லை.

பார்த்தீர்களா? நான் திங்கட்கிழமை கேட்ட கேள்விகள் வேலை செய்திருக்கின்றன.

ஜூலை 11, வியாழன்

இன்றும் ஒரு குறையும் இல்லை. தெய்வானை அக்கா பழைய மாதிரி கத்த ஆரம்பித்துவிட்டார். மதியைத் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறார், மற்ற குழந்தைகள் ரயில் மாதிரி அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகின்றன. அரை மணி நேரமும் இப்படித்தானாம். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. கொத்தமல்லிக் கடைக்காரரிடம் போய் ஒரு காரணமும் இல்லாமல் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை போடுவதற்குக் கம்பெனிச் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டேன். இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது. பரவாயில்லை.

ஜூலை 12, வெள்ளி

அறிவழகன் திரும்பிவிட்டார், அவர்தான் கொண்டுபோய் விட்டார்.

பதினொன்றரைக்கே போன். நான் போனபோது மதி துவண்டு தெய்வானை அக்கா தோளில் கிடந்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்க புள்ள மேல எனக்கு ஆசைதானுங்க அம்முணி. ஆனா எங்கிட்ட வந்துதான் அதுக்குச் சீக்கு வருதுன்னா நான் எப்படிங்க வெச்சுக்கறது? எனக்கே பயமா இருக்குதுங்க."

நான் சண்டை போட நினைத்துத்தான் போனேன். மதியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பால் எப்படியோ உள்ளே போகிறது என்றார்.

அப்படியானால் முடிந்தது. திங்கட்கிழமை மேனேஜருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆறு வருட வேலை. பெரிய விஷயமில்லை. பம்பு யாராவது பார்த்துக்கொள்வார்கள். சீருடையை மடித்து உள்ளே வைத்தேன். அலமாரிக் கதவு சரியாக மூடவில்லை, அதனால்தான் கொஞ்சம் ஓங்கிச் சாத்த வேண்டியிருந்தது.

ஜூலை 13, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும். எழுத்து கோணலாகப் போகிறது, சிரிப்பினால்தான்.

மதியின் கிண்ணம், போர்வை எல்லாம் காப்பகத்திலேயே கிடந்தன. எடுத்து வரலாம் என்று காலையில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அறிவழகன் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் கோயில் அருகே போகும்போது உள்ளே மணி அடித்தது. மதி இடுப்பிலேயே துள்ளினாள். கோயில் பக்கம் திரும்பி வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டினாள்.

சாப்பாட்டைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிற பிள்ளை. நான் அப்படியே நின்றுவிட்டேன். பூசாரி வெளியே வந்தார். கையில் செம்பும் கரண்டியும்.

"வாங்க சின்னம்மணி. இன்னைக்கு அப்பா வரலீங்களா?"

இவளை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன, காலை அபிஷேகத்துக்கு நேரத்துக்கே வந்துவிடுவாரே வாத்தியார் என்றார். அபிஷேகப் பாலை வாங்கி முதலில் பாப்பா நாக்கில் ஒரு சொட்டு வைப்பாராம். பிறகு ஒரு அருகம்புல்லை அவள் தலையில் செருகுவாராம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாராம். இந்த வயதில் இவ்வளவு பக்தியாக ஒரு ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார் பூசாரி. நான் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூசாரி கரண்டியை நீட்டினார். மதியின் வாயை என் கையால் பொத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

காப்பகத்துக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தேன். அறிவழகன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். பூசாரி விசாரித்தார் என்று மட்டும் சொன்னேன். பிழிந்த சட்டை வாளிக்குள் விழுந்தது.

நல்ல கோபத்தில்தான் இருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. முதல் நாள் மதி வழியெல்லாம் அழுதாளாம். கோயில் மணி கேட்டதும் அழுகை நின்றதாம். அதற்காகத்தான் உள்ளே போனாராம். போன பிறகு, எல்லாரும் கையெடுத்துக் கும்பிட, தான் மட்டும் சும்மா நிற்பது ஒரு மாதிரி இருந்ததாம்.

"பால் தரக் கூடாதுன்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும் சுபத்ரா. ஆனா அத குடுக்கறப்ப பால்னே தோணல. தீர்த்தம்னுதான் தோணுச்சு."

நெய்யும் பால்தானுங்க என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, உடம்பு மோசமாக ஆக இன்னும் பலமாக வேண்டிக்கொண்டேன் என்றார். அதனால்தான் ஒவ்வொரு நாளும் சீக்கிரமாகக் கிளம்பியிருக்கிறார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். விடாமல் கேட்டேன்.

"நீ மறுபடி வேலைக்குப் போகணும்னு. சாயங்காலம் வந்து, இன்னைக்கு எத்தன பம்ப திருப்பி அனுப்புனேன்னு எங்கிட்டப் பெருமை அடிக்கணும்னு."

பரம்பரையாகச் சாமி கும்பிடாத குடும்பம். என் வேலைக்காக. எனக்குத் தெரியாமல். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் வாளிப் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தோம். மதி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கையைத் தட்டிவிட்டு விழுந்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

மூன்று பேருமாகத் தெய்வானை அக்கா வீட்டுக்குப் போனோம். நான்தான் முதலில் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். உங்க மேல பழி போட்டது என் தப்பு, மன்னிச்சுக்குங்க அக்கா என்றேன். பிறகு அறிவழகன் நடந்ததைச் சொன்னார். வகுப்பில் பதில் தெரியாத பையன் மாதிரி நின்றுகொண்டே சொன்னார்.

தெய்வானை அக்கா மதியை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் மேல் இருந்த கோபம் அவ்வளவு சுலபமாகப் போகாது என்று தெரிந்தது. போக வேண்டியதும் இல்லை. இரண்டு நாளாகத் தன் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, எதில் பால் ஒட்டியிருக்கிறதோ என்று தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்றார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு அறிவழகனை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, கும்புடறதுதான் கும்புட்டீங்க, பிள்ளையார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா, எம்புள்ளைக்குப் பாலு ஆகுமான்னு?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பில் உள்ளறையில் தூங்கிய அவர் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். அவருக்கும் ஒரு முறை கதை சொல்லப்பட்டது. நாளைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அறிவழகன் அதற்கும் தயாராகத்தான் இருந்தார்.

கிளம்பும்போது நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். வேலைக்குப் போகிற முதல் நாளில் தாமதிக்கக் கூடாது, எட்டு மணிக்கே வந்துவிடுங்கள் என்றார் அக்கா.

ஜூலை 15, திங்கள்

போய்விட்டு வந்தேன். கம்பெனியில் எல்லாம் அப்படியே இருக்கிறது. என் நாற்காலியை மட்டும் யாரோ மாற்றிவிட்டார்கள், சண்டை போட்டு வாங்கினேன். முதல் பம்பைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி அழுத்தம் ஏற்றிவிட்டு, குமிழி வருகிறதா என்று முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். எவ்வளவு நாளாயிற்று. இரண்டு பம்புகளைத் திருப்பி அனுப்பினேன். காப்பகத்துக்குப் போன் செய்யவில்லை. மத்தியானம் கை தவறி நம்பர் போய்விட்டது, எடுத்துவிட்டதால் இரண்டு வார்த்தை கேட்டேன். வாந்தி இல்லை, தடிப்பு இல்லை.

காலையில் அறிவழகன்தான் கொண்டுபோய் விட்டார். கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டேன். வாசலில் நின்று நன்றி மட்டும் சொன்னாராம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். மதி அழுதுகொண்டிருப்பாள், என்னைக் கண்டதும் கையை நீட்டித் தாவுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே தெய்வானை அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பருப்பும் பூசணிக்காயும் போட்டுக் குழையப் பிசைந்த சோறு. மதி என்னைப் பார்த்தாள். சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

அவள் திரும்பிக்கொண்டாள். தெய்வானை அக்காவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, கிண்ணத்தில் இருந்த அந்தக் கையைத் தன் வாய்ப் பக்கம் இழுத்தாள்.

"இருங்க அம்முணி, இன்னும் வேணுமாமா" என்றார் அக்கா.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. பிறந்த நாள் முதல் இந்தப் பிள்ளைக்கு நான் கெஞ்சிக் கெஞ்சித்தான் ஊட்டியிருக்கிறேன். அவளுக்குப் பசித்து, அவளாகவே இன்னும் கேட்டு நான் இன்றுதான் பார்க்கிறேன். கேட்டது என்னிடம் இல்லை. கிண்ணம் காலியாகும்வரை நான் கூப்பிடவே இல்லை.